நகைச்சுவை பாகப்பிரிவினை அல்ல

ஒரு படத்தில் இரண்டு நாயகர்கள் இருந்தால் நகைச்சுவையும் இரண்டு பங்காக அறுத்துக் கொடுக்கப்பட வேண்டும், ஒருவருக்குக் கூடி மற்றவருக்குக் குறைந்தால் அது குறைந்தவருக்கு நேர்ந்த அவமானம் என்பதுதான் ‘டெட்பூல் அண்ட் வால்வரின்’ (2024) குறித்துச் சென்ற இதழில் நண்பர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரையின் சாரம். அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர் வரப்பை அளப்பதுபோல, ரயன் ரெனால்ட்ஸுக்கு எவ்வளவு, ஹியூ ஜாக்மனுக்கு எவ்வளவு என்று வசனத்தை அளந்து, ஜாக்மன் பங்கில் மண் விழுந்துவிட்டதென்று தீர்ப்பும் எழுதிவிட்டார். இதை எதிர்த்து நான் எழுதுவது அந்தப் படத்தின் மேல் கொண்ட காதலால் இல்லை. அதில் குறைகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி இவ்வளவு தவறான ஒரு கருத்து தொல்காப்பியத்தின் பெயரால், அதிகாரக் குரலில் சொல்லப்பட்டிருக்கிறது. திரைக்கதை எழுதப் பழகுகிற இளைஞர்கள் நாலு பேராவது அதை நம்பிவிடக் கூடும். அந்த நாலு பேருக்காகத்தான் இந்த எதிர்வினை.

வால்வரின் இந்தப் படத்தில் டெட்பூலின் எடுபிடியாகச் சுருங்கிவிட்டான் என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. டெட்பூலான வேட் வில்சன் வாய் ஓயாமல் பேசுகிறான். வால்வரினான லோகன் உறுமுகிறான், முறைக்கிறான், பொறுமை கெட்டால் நகத்தை நீட்டுகிறான். ஆகவே சிரிக்க வைப்பவன் வேட், சிரிப்புக்கு இரையாகிறவன் லோகன் என்று முடிவு கட்டுகிறார். அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? வேட் ஒரு ஜோக்கைச் சொல்லி முடிக்கும் இடத்தில் பாதிச் சிரிப்புதான் இருக்கிறது. கேமரா லோகன் பக்கம் திரும்பி, அந்த முகத்தில் ஒரு தசைகூட அசையாததைக் காட்டும்போதுதான் மீதிப் பாதி வந்து சேர்கிறது. பேசுகிறவனிடமிருந்து கேட்கிறவனுக்கு எந்த நொடியில் வெட்டுவது என்று படத்தொகுப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான். பஸ்டர் கீட்டனுக்குக் கல்முகம் என்று பெயர் வைத்த மௌனப்பட நாட்களிலிருந்தே சினிமா அறிந்த பாடம் இது. சிரிக்காத முகம் சிரிப்புக்கு எதிரி என்று ஒருவர் இன்னமும் நம்புவாரானால், அவர் நூறாண்டுத் திரைப்பட வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிட்டு விமரிசனம் எழுத வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

மேடையிலும் அப்படித்தான். பட் அபாட்டும் லூ காஸ்டெல்லோவும் அமெரிக்கப் பர்லெஸ்க் மேடைகளில் ஜோடி சேர்ந்த தொடக்க நாட்களில், வருமானத்தில் 60 பங்கு அபாட்டுக்கு, 40 பங்குதான் காஸ்டெல்லோவுக்கு. உருண்டு புரண்டு, அலறிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர் காஸ்டெல்லோ. விறைப்பாக நின்று கேள்வி கேட்டவர் அபாட். கூலி ஏன் தலைகீழாக இருந்தது? கோமாளிகளுக்குப் பஞ்சமில்லை, கோமாளி எப்போது விழ வேண்டும் என்றறிந்து சரியான நொடியில் சரியான கேள்வியைப் போட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அந்தத் தொழிலில் சோறு தின்றவர்களுக்கு இது தெரியும். வசனத்தின் நீளத்தை வைத்து மதிப்பைக் கணக்கிடும் நம் நண்பர் அபாட்டுக்குப் பத்துப் பங்குகூடக் கொடுத்திருக்க மாட்டார்.

அடுத்து, ஜாக்மனின் வால்வரினிடம் நகைச்சுவை என்பதே இருந்ததில்லை, அவன் துயரத்தின் வடிவம், அவனை இந்தக் கூத்துக்குள் இழுத்து வந்ததே பாவம் என்கிறார். எந்தப் படங்களைப் பார்த்தார் இவர்? பிரையன் சிங்கரின் ‘எக்ஸ்-மென்’ (2000) படத்தில், எவர் உருவத்தையும் எடுக்கக் கூடிய மிஸ்டீக் உலவும் இடத்தில், நீ உண்மையில் லோகன்தானா என்று சைக்ளாப்ஸ் சந்தேகப்படுகிறான், நிரூபி என்கிறான். லோகன் ஒரே ஒரு வசைச்சொல்லை அவன் முகத்தில் எறிகிறான். சைக்ளாப்ஸ் நம்பிவிடுகிறான். ஒரு பாத்திரத்தின் அடையாளமே அவனுடைய நையாண்டிதான் என்று முதல் படத்திலேயே கதைக்குள் வைத்துச் சொல்லியாகிவிட்டது. ‘ஃபர்ஸ்ட் க்ளாஸ்’ (2011) படத்தில் சேவியரும் மேக்னீட்டோவும் மதுக்கடையில் அவனைத் தேடி வந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ளத் தொடங்கும்போதே, திரும்பியும் பாராமல் ஒரு கெட்ட வார்த்தையில் விரட்டி அனுப்புகிறான். சில நொடிகள்தான், அந்தப் படத்தின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். சொல்லைச் செலவழிக்காத, எதிராளியின் பந்தாவை ஒரே வெட்டில் சாய்க்கிற, இனிமேல் பேச்சில்லை என்று கதவடைக்கிற நகைச்சுவை அது. டெட்பூலின் நகைச்சுவையோ வெள்ளம்; பத்து ஜோக்கில் ஏழு தேறாவிட்டாலும் கவலைப்படாமல் பதினொன்றாவதைக் கொட்டுகிறவன் அவன். இரண்டு பேரும் நகைச்சுவைக்காரர்கள்தான். ஒருவன் மிகுதியால் சிரிக்க வைக்கிறான், மற்றவன் சிக்கனத்தால். இவர்களைச் சமமாக்க வேண்டுமென்று வால்வரினுக்கும் பக்கம் பக்கமாக வசனம் கொடுத்தால், இருபத்து நான்கு ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்த அந்தச் சிக்கனத்தைக் கொன்றுவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவதாகும்.

தொல்காப்பியத்துக்கு வருவோம். மெய்ப்பாட்டியலில் நகையும் அழுகையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கின்றன, அதனால் நகைக்குரிய பாத்திரமும் அழுகைக்குரிய பாத்திரமும் ஒரே சட்டகத்தில் நின்றால் இரண்டும் கெடும் என்கிறார். பிரித்துச் சொல்வது வேறு, பிரித்து வைக்கச் சொல்வது வேறு என்ற எளிய வேறுபாடுகூட இலக்கணம் பேசுகிறவருக்குப் புரிய வேண்டாமா? சரி, தலைப்பைப் படித்தவர் உள்ளேயும் கொஞ்சம் நுழைந்திருக்கலாம். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது அந்த இயல்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரை எழுதியவர்கள் எள்ளலிலும் நிற்காமல், தான் பிறரை எள்ளுவதையும் பிறர் தன்னை எள்ளுவதையும் பிரித்துப் பார்த்தார்கள். ஆக, நகை ஒற்றைச் சரக்கில்லை, வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வருவது என்பதுதான் அந்த நூற்பாவின் கொடை. இணை நாயகர்கள் படத்தில் கேட்க வேண்டிய கேள்வியை அது நம் கையில் கொடுக்கிறது: இவனுடைய சிரிப்பு எந்த ஊற்றிலிருந்து வருகிறது, அவனுடையது எதிலிருந்து? அழுகைக்கும் அதே இயல் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு இடங்களைச் சொல்கிறது. லோகனிடம் இழவும் இளிவும் சேர்ந்தே இருக்கின்றன. தன்னை நம்பியவர்களைச் சாகவிட்டவன், அதற்காக உலகமே காறித் துப்பும் நிலையில் வாழ்கிறவன். அவனிடமிருந்து பிறக்கும் நையாண்டி அந்த இழவின் சுவையோடுதான் வரும். தொல்காப்பியத்தைச் சாட்சிக்கு அழைத்தவர் நண்பர். சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசுகிறது.

அவர் முன்மாதிரியாகக் காட்டுவது டைகா வைடிடியின் ‘தோர்: ரக்னராக்’ (2017). அங்கே தோரும் ஹல்க்கும் சமமாகச் சிரிக்க வைக்கிறார்கள், அந்தச் சமநிலைதான் நமக்கு வேண்டும் என்கிறார். அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நிரூபிப்பது நண்பர் சொல்வதற்கு நேர்மாறானதை. தோரின் நகைச்சுவை எங்கே இருக்கிறது? அவனுடைய வீறாப்பில். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வீரமாய் வெளியே பாயலாமென்று கனத்த பந்தை ஜன்னலில் எறிகிறான், அது திரும்பி வந்து அவன் தலையிலேயே விழுகிறது. தான் இன்னார் என்று நினைத்திருப்பதற்கும் உண்மையான தனக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அவன் வழுக்கி விழுகிறான். ஹல்க்கின் நகைச்சுவையோ குழந்தையின் முரண்டு. சகார் கிரகத்தில் கூட்டம் தன் பெயர் சொல்லி ஆர்ப்பரிப்பதைக் கேட்டுப் பழகிவிட்ட ஒரு பெரிய குழந்தை, பூமிக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்து, பொருளை விட்டெறிந்து, பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறது. ஒருவனிடம் பேதைமை, மற்றவனிடம் இளமை. இரண்டும் வெவ்வேறு ஊற்று என்பதால்தான் ஹல்க்கின் அறைக்குள் நடக்கும் சண்டையும் சமாதானமும் அப்படிப் பொங்குகின்றன. இரண்டு பேரும் ஒரே மாதிரி ஜோக் அடித்ததால் படம் வென்றதென்று இதிலிருந்து ஒருவர் கற்றுக்கொண்டால், அவர் படத்தைப் பார்த்திருக்கிறார், கவனிக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே மாதிரி ஜோக் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதே இயக்குநர், அதே நாயகன், ஐந்தே ஆண்டுகள் கழித்து. ‘தோர்: லவ் அண்ட் தண்டர்’ (2022) படத்தில் தோரின் முன்னாள் காதலி ஜேன் ஃபாஸ்டருக்கு நான்காம் கட்டப் புற்றுநோய். தோரின் சுத்தியலைத் தூக்கும்போதெல்லாம் சாவு அவளை நெருங்குகிறது. இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் எந்த எழுத்தாளனும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அங்கே என்ன செய்தார்கள்? அவளுக்கும் தோரின் அதே அசட்டு உற்சாகத்தைக் கொடுத்தார்கள். சண்டைக்கான பஞ்ச் வசனத்தை அவள் தேடிக்கொண்டிருக்கிறாள், தோர் தன் பழைய சுத்தியலுக்கும் புதிய கோடரிக்கும் நடுவே சக்களத்திச் சண்டை தீர்த்துக்கொண்டிருக்கிறான், அலறும் ஆடுகள் வேறு. ஊன்றி நிற்க ஒரு கால் வேண்டுமே, அது யாருடையது? இருவரும் மிதக்கிறார்கள். கிறிஸ்டியன் பேல் தன் மகளைப் பறிகொடுத்த தகப்பனாகத் தொடக்கக் காட்சியில் உருவாக்கும் கனத்தைத் தாங்க எதிரில் ஆளே இல்லை. சரிபாதிப் பங்கீடு என்று நண்பர் கேட்கும் படம் இதுதான். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அவருடைய கட்டுரையில் இந்தப் படத்தின் பெயர்கூட வரவில்லை. மறந்தாரா, மறைத்தாரா?

இதற்கும் முன்னால் ஜோயல் ஷூமேக்கரின் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ (1997). ஜார்ஜ் க்ளூனி, கிறிஸ் ஓ’டானல், எதிர்ப்பக்கம் பனிச்சிலேடை மழை பொழிகிற ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். நாயகன், துணைநாயகன், வில்லன் என எவர் வாயைத் திறந்தாலும் ஒரே அச்சில் வார்த்த மொக்கை. தாய் தகப்பனைக் கண்ணெதிரே பறிகொடுத்த புரூஸ் வேன் ஏலத்தில் வவ்வால் முத்திரைக் கடன் அட்டையை உருவிக் காட்டுகிறான். அதன் பிறகு ‘பேட்மேன் பிகின்ஸ்’ வருகிற வரைக்கும், எட்டு ஆண்டுகள், நடிகர்கள் நடித்த பேட்மேன் படமே வரவில்லை. அந்தப் படத்தில் ஜோக்குகள் குறைவாக இருந்தன என்று யாரும் குறை சொல்லவில்லை. எவருடைய ஜோக்கையும் எவரும் சொல்லியிருக்கலாம் என்பதே அங்கே வந்த நோய்.

ஒத்த பாணிக்காரர்கள் ஒருபோதும் சேரக் கூடாது என்று நான் விதி போடவில்லை. ‘இன்ஃபினிட்டி வார்’ (2018) படத்தில் டோனி ஸ்டார்க்கும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் ஒரே வகைக் கிண்டல்காரர்கள். அறிவுத் திமிர், நுனிநாக்கு நஞ்சு. அது எடுபடுகிறது, ஏனென்றால் இருவரும் ஒரே நாற்காலிக்காக மோதுகிறார்கள்; பாணியின் ஒற்றுமையே பகைக்குக் காரணமாகிறது. அங்கே அந்த ஒற்றுமை கதையில் ஒரு வேலை செய்கிறது. நண்பர் கேட்கும் ஒற்றுமைக்கு என்ன வேலை? ரசிகர் மனம் புண்படாமலிருப்பது ஒன்றைத் தவிர?

இனி அவருடைய மூன்றாவது குற்றச்சாட்டு. இதில்தான் அவர் கண்ணீர் மல்க எழுதுகிறார். ஜேம்ஸ் மேங்கோல்டின் ‘லோகன்’ (2017) புனிதமான முடிவு. அந்தக் கல்லறையைத் தோண்டி, எலும்பைக் கையிலெடுத்துச் சண்டை போட்டு, ஆட்டமும் ஆடுகிற டெட்பூல் ஒரு மகத்தான துயரத்தைக் கொச்சைப்படுத்திவிட்டான். அவனுடைய வாய் ஓயாப் பேச்சு வால்வரினின் துயரத்தைப் பேசவே விடுவதில்லை. வாயை அடக்கியிருந்தால் படம் தப்பித்திருக்கும். இப்படிப் போகிறது புலம்பல். முதல் குற்றச்சாட்டில் வால்வரினுக்கு ஜோக் போதவில்லை என்றவர் மூன்றாவதில் ஜோக்கே கூடாது என்கிறார். சிரிப்பில் பங்கும் வேண்டும், சிரிப்பே பாவம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாதமும் ஒரே கட்டுரையில், எட்டுப் பத்தி இடைவெளியில். இதழாசிரியராவது கேட்டிருக்க வேண்டாமா?

‘லோகன்’ படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் படத்தை நான் மிக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன். அது சிரிப்பற்ற படம் என்பது அதைச் சரியாகப் பார்க்காதவர்கள் கட்டிய கதை. சேவியரைப் புதைத்துவிட்டு வந்த லோகன், கிளம்ப மறுக்கும் வண்டியைத் திட்டித் தீர்த்து, மண்வெட்டியால் அடித்து நொறுக்கி, களைத்துச் சரிகிறானே, அது சிரிப்பா அழுகையா? கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாத வால்வரின், தன்னைப் பற்றிய காமிக்ஸ் புத்தகத்தைப் பார்த்துக் கடுப்பாகும் வால்வரின், தொண்ணூறு வயதுக் கிழவர் சேவியர் வாயிலிருந்து வரும் கெட்ட வார்த்தைகள். மேங்கோல்ட் சிரிப்பை விலக்கவில்லை. லோகனுக்கு உரிய சிரிப்பை மட்டும் அனுமதித்தார். 2024 படம் அந்த எல்லையை மதிக்கிறது. எலும்பை வைத்துக் கூத்தடிப்பவன் வேட். வேறோர் உலகத்திலிருந்து வரும் இந்தப் படத்து லோகன் அந்தக் கூத்தில் ஒரு அடிகூட ஆடவில்லை.

வேட் வாயை மூடியிருக்க வேண்டும் என்கிறாரே, அந்தப் பரிசோதனையும் நடந்து முடிந்தது. ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வால்வரின்’ (2009). இதே ஜாக்மன், இதே ரெனால்ட்ஸ். வாய்க்காகவே பெயர்பெற்ற பாத்திரத்தைப் பிடித்து, வாயைத் தைத்து, வால்வரினுக்கு எதிரே நிறுத்தினார்கள். விளைவு என்ன? வால்வரினின் துயரம் அங்கே பொங்கிப் பெருகியதா? எதிரில் ஒரு பொம்மை நின்றது. அதோடு சண்டை போட்ட வால்வரினும் பொம்மையாகிப் போனான். ‘டெட்பூல் 2’ (2018) முடிவில் ரெனால்ட்ஸே காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த வாய் தைத்த உருவத்தைச் சுட்டுத் தள்ளுகிறார். ஒரு நடிகர் தன் பழைய படத்துக்கு எழுதிய எதிர்வினை அது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தையலைத் திரும்பப் போடச் சொல்கிறார் நம் நண்பர்.

இவ்வளவு எழுதியவர் படத்தின் அச்சாணியாக இருக்கும் காட்சியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஹோண்டா ஒடிசி வேனுக்குள் நடக்கும் காட்சியைத்தான் சொல்கிறேன். லோகனின் உலகம் சரிசெய்யப்படும் என்று வேட் கொடுத்த வாக்கு வெறும் ஆசையில் சொன்ன பொய் என்று அங்கே தெரிய வருகிறது. அதுவரை ஒற்றைச் சொல்லில் பேசி வந்தவன் வாயைத் திறக்கிறான். நீ கேலிப்பொருள், கவனத்துக்காகப் பிச்சை எடுக்கிறவன், எந்த அணியும் உன்னைச் சேர்த்துக்கொள்ளாததில் வியப்பென்ன, காதலித்தவளைக்கூட உன்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று நிறுத்தாமல் பேசுகிறான். அவ்வளவு நேரம் பேசிக் கொன்றவன் வாயடைத்துப் போகிறான். முகமூடிக்குள் ஒரு மௌனம். பிறகு, இப்போது உன்னோடு சண்டை போடப் போகிறேன் என்று மட்டும் சொல்கிறான். பாணி கைமாறிவிட்டது. வெள்ளம் வறண்டது, வறட்சி உடைத்துக்கொண்டு ஓடியது. அதுவரை வேட் அடித்த ஒவ்வொரு ஜோக்கும் எதை மூடி மறைக்க அடித்தது என்பதும், லோகன் விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் எங்கே போய்த் தேங்கியிருந்தது என்பதும் அந்த ஒரே காட்சியில் அம்பலமாகின்றன. முதல் பாதியில் வசனத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் இந்தக் கைமாற்றம் சாத்தியமா? ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவன் பேசினால் அதில் என்ன அதிர்ச்சி? கணக்குப் பார்க்கிறவர்கள் கடைசியில் கூட்டித்தான் பார்க்க வேண்டும், இந்தக் காட்சியையும் சேர்த்து.

காமிக்ஸ் மரபை அறிந்தவர்களுக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. 1974-இல் பிறந்த வால்வரினுக்கும் 1991-இல் பிறந்த டெட்பூலுக்கும் காமிக்ஸில் ரத்த உறவு போன்ற ஒன்று இருக்கிறது: வேடின் உடலில் காயத்தை ஆற்றும் ஆற்றல் வெப்பன் எக்ஸ் திட்டத்தின் வழியாக வால்வரினிடமிருந்து எடுக்கப்பட்டது. ஒரே ஆற்றல், ஒரே சாபம், சாக முடியாத இருவர். ஒருவன் அதைப் பேச்சாக்கினான், மற்றவன் மௌனமாக்கினான். பேசுகிறவன்-பேசாதவன் ஜோடி எண்பதுகளிலேயே தேய்ந்துபோன வாய்பாடு என்று ‘லீத்தல் வெப்பன்’ (1987) படத்தை நண்பர் போகிற போக்கில் இளக்காரமாய்த் தள்ளிவிடுகிறார். ஷேன் பிளாக் எழுதிய அந்தப் படத்தில் கோமாளித்தனம் செய்கிற ரிக்ஸ் யார்? மனைவியை இழந்து, துப்பாக்கியை வாயில் வைத்துப் பார்க்கிறவன். சிரிக்க வைக்கிறவன்தான் சாவுக்கு அருகில் நிற்கிறான். அந்த வாய்பாட்டின் உயிர் அதுதான், அது தேயவில்லை. அதே பிளாக் 2013-இல் ‘அயர்ன் மேன் 3’ எடுத்தபோது டோனி ஸ்டார்க்கின் கிண்டலுக்கு அடியில் நடுக்கத்தை வைத்ததும் அதனால்தான்.

கைமாற்றம் என்றேன். அதன் அருமைக்கு இன்னும் ஒரு காட்சி போதும். ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் சிறிய விண்கலத்தில் தோரும் ராக்கெட்டும் போகிறார்கள். ராக்கெட் எவரையும் விட்டுவைக்காத நக்கல்காரன். அவன் நக்கலை நிறுத்தி, எதிரிலிருப்பவனிடம் அவன் இழந்தவர்களைப் பற்றிக் கேட்கிறான். தோர் சிரித்துக்கொண்டே, தாய், தகப்பன், தம்பி, அக்காள், உற்ற நண்பன் என்று இறந்தவர்களை அடுக்குகிறான். சிரிப்பு மாறவில்லை, கண் மட்டும் நிறைகிறது. கோமாளி காது கொடுக்கிறான், வீரன் கோமாளிச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிகிறான். எத்தனை வசனம் யாருக்கு என்று இங்கே அளந்து பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. ‘சிவில் வார்’ (2016) படத்தில் சிறிய ஃபோக்ஸ்வாகன் காருக்குள் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்த பக்கி, இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்த முடியுமா என்று கேட்க, ஃபால்கன் முடியாது என்கிறான். அவ்வளவுதான். இருவருமே ஜோக் அடிப்பவர்கள் அல்லர். அந்த மறுப்பில் இரண்டு பேருக்கும் இடையே உள்ள முழுப் பகையும் இருக்கிறது; அதை நம்பித்தான் பின்னால் இருவரையும் வைத்து ஒரு தொடரே எடுத்தார்கள்.

‘டெட்பூல் அண்ட் வால்வரின்’ எங்கே தடுக்கி விழுகிறது என்று நண்பர் உண்மையில் தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பார். வாய்ட் என்ற பாழ்வெளியில் பழைய மார்வெல் படங்களின் நாயகர்கள் வரிசையாகத் தலைகாட்டும் பகுதிதான் அது. கைவிடப்பட்ட பாத்திரங்களுக்கு விடைகொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே வந்த எல்லாருக்கும் வேடின் பாணியே தொற்றிக்கொள்கிறது. ஜானி ஸ்டார்ம் வாயைத் திறந்தால் வசை, அவன் தோலுரிந்து சாவதும் ஜோக். காம்பிட்டின் உச்சரிப்பு ஜோக். பிளேடு வந்து நிற்பதே ஜோக். எல்லாரும் ஒரே ஊற்றில் குடிக்கும்போது லோகனின் மௌனத்துக்கு எதிர்முனை இல்லாமல் போகிறது; அவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகக் கரைகிறான். நெருப்பருகே ‘லோகன்’ படத்திலிருந்து வந்த லாராவோடு அவன் பேசும் காட்சி வரும்வரை படத்துக்கு மூச்சு திரும்புவதில்லை. நண்பரோ இந்தப் பகுதியைத்தான் படத்தின் கொண்டாட்டம் என்று இரண்டு பத்தி பாராட்டியிருக்கிறார்! பங்கு எல்லாருக்கும் கிடைத்துவிட்டதல்லவா, அதனால். வால்வரின் உண்மையிலேயே சிறுத்துப்போகிற ஒரே இடத்தில் அவர் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை முரண்பாடும் வெறும் கவனக்குறைவால் வந்ததென்று நான் நினைக்கவில்லை. கட்டுரையில் அவருக்குக் கோபம் வருகிற இடங்களை மட்டும் எடுத்து வரிசையில் வைத்துப் பாருங்கள்: வேட் லோகனின் உயரத்தைக் கிண்டல் செய்யும் இடம், உடையைக் கிண்டல் செய்யும் இடம், வயதைக் கிண்டல் செய்யும் இடம். வேறெங்கும் அவருக்குச் சூடு ஏறுவதில்லை. நம் நாயகனை இன்னொருவன் கலாய்ப்பதா, அவனும் திருப்பிக் கலாய்க்காமல் நிற்பதா என்ற கெத்துப் பிரச்சினைதான் அங்கே இருக்கிறது. கட்-அவுட்டுக்கு முன்னால் நிற்கிற ரசிகனுக்கு அந்த மனம் இருப்பதில் தப்பில்லை. அவன் ஒளிவுமறைவின்றிக் கத்துகிறான், விசிலடிக்கிறான். அந்த மனத்தைச் சமநிலை, மெய்ப்பாடு, அழகியல் என்ற சொற்களால் போர்த்தி விமரிசனம் என்று விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வால்வரினை நேசிப்பதாகச் சொல்கிறவர் அவனுடைய பெருமையைக் காக்கப் பார்க்கிறார். அவனுடைய குற்றவுணர்வைப் பார்க்கவே மறுக்கிறார். அந்த மஞ்சள் உடையை அவன் ஏன் அணிந்திருக்கிறான்? சேர்ந்து அணியச் சொல்லித் தோழர்கள் கேட்டபோதெல்லாம் மறுத்து, அவர்கள் கொல்லப்பட்ட நாளில் மதுக்கடையில் கிடந்தவன், பிறகு தனக்குத் தண்டனையாக அதைச் சுமக்கிறான். வேட் அந்த உடையைக் கேலி செய்யும்போது லோகன் திருப்பி அடிக்காததற்குக் காரணம் திரைக்கதையாளனுக்கு ஜோக் கிடைக்காததா? தான் அந்தக் கேலிக்குத் தகுதியானவன் என்று அவன் நம்புகிறான். இதைக்கூடக் காண முடியாதவர் எதை வைத்து அவனுக்காக வாதாட வந்தார்?

கட்டுரையின் முடிவில் நண்பர் ஒரு பரிகாரமும் சொல்கிறார்: லாராவோடு பேசும் அந்த நெருப்பருகுக் காட்சியில் லோகனுக்கு இரண்டு நல்ல கவுண்டராவது கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்குமாம். வேட் குறுக்கிடாத உரையாடல் அது. தன் உலகத்து எக்ஸ்-மென் எப்படிச் செத்தார்கள், அதன் பிறகு தான் என்னென்ன செய்தேன் என்று லோகன் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான். எதிரில் இருப்பவள் வேறொரு உலகத்தில் தன்னை மகளாக ஏற்றுச் செத்த லோகனைப் பார்த்தவள். ஒவ்வொரு வாக்கியமும் அவனுக்கு வலியோடு வருகிறது, ஏனென்றால் அவனிடம் சொற்கள் குறைவு. மேலோட்டமாய்ப் பேசிக் கடந்துவிடும் வித்தை அவனுக்குத் தெரியாது, அது வேடுக்கு மட்டும் தெரிந்த வித்தை. அங்கே இரண்டு கவுண்டர் போடச் சொல்கிறார். எந்த வாக்கியத்துக்கும் எந்த வாக்கியத்துக்கும் நடுவில் என்பதை அடுத்த இதழில் அவர் எழுதிக் காட்டட்டும்.